மூடிக்கிடக்கும் டேனரி நிலத்தைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்துவது: படிப்படியாக முழு வழிகாட்டி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கம் மூடிக்கிடக்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிறைய. ஊர் வளர்ந்து அவற்றைச் சுற்றிவிட்டதால் அந்த நிலத்துக்கு இன்று விலை வந்துவிட்டது. வாங்குகிறவர் முதல் வாரமே ஜேசிபியைக் கூப்பிடுகிறார், மேல் மண்ணை வாரி ஒரு மூலையில் குவிக்கிறார், அப்புறம்தான் "இதை எங்கே கொண்டுபோவது?" என்று கேட்கிறார். அதற்குள் ஒரு இடத்தில் இருந்த மாசு நிலம் முழுக்கப் பரவியிருக்கும்.

இந்த வழிகாட்டியில் ஜேசிபி ஏழாவது படியில்தான் வருகிறது. ஒரு டேனரி நிலத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சாயப்பட்டறை, முலாம் பூசும் பட்டறை நிலங்களுக்கும் இதே வரிசை பொருந்தும், ரசாயனங்கள்தான் மாறும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பட்டா, வில்லங்கச் சான்றிதழ், புலப்பட வரைபடம் மூன்றும் முதலில். அடுத்து, தொழிற்சாலை ஓடிய காலத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த இசைவாணைகளின் (ஆலையை இயக்க வாரியம் தரும் அனுமதி) நகல். பழைய உரிமையாளரிடம் இல்லையென்றால் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். எவ்வளவு தோல், எவ்வளவு கழிவுநீர், எவ்வளவு கசடு என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கும். மாதிரி எடுக்க வேண்டிய இடங்களில் பாதியை அதுவே சொல்லிவிடும்.

என்ஏபிஎல் (ஆய்வகங்களை அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றை முன்பே பேசி வையுங்கள். "மண்ணில் குரோமியம்-6 தனியாகப் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தின் விஷமான வடிவம்தான் குரோமியம்-6; அவ்வளவாக நகராத வடிவம் குரோமியம்-3. மொத்தக் குரோமியம் மட்டும் பார்க்கிற ஆய்வகம் இந்த வேலைக்கு உதவாது. காரணம் ஐந்தாம் படியில்.

காலம் முக்கியம். களவேலை முழுவதும் ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவில் முடிகிற மாதிரித் திட்டமிடுங்கள். தோண்டிய குழியில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், மண் வேலையாக இருந்தது கழிவுநீர் வேலையாக மாறிவிடும்.

1. அங்கே என்ன வரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வீடா, கிடங்கா, வாகன நிறுத்தமா, பூங்காவா? இதைச் சொல்லாமல் "எவ்வளவு சுத்தம் போதும்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. கனடாவின் மண் தர அளவுகளைப் பாருங்கள். குரோமியம்-6 குடியிருப்பு நிலத்தில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம், தொழிற்சாலை நிலத்தில் 1.4 மில்லிகிராம். மண் ஒன்றுதான், பயன்பாடு மாறினால் எல்லை மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. குழந்தை மண்ணில் விளையாடும், கையை வாயில் வைக்கும். கிடங்குத் தரையில் சிமெண்ட் இருக்கும்.

இந்த முடிவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை உதாரணம். 2001-ல் ஆலை மூடப்பட்டது. மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாமா, காட்டையொட்டிய இடம் என்பதால் இன்னும் கீழே கொண்டுவர வேண்டுமா என்ற வாதமே ஆண்டுக்கணக்கில் நீண்டது.

என் கருத்து: டேனரி நிலத்தில் கசடு கிடந்த பகுதியை வீட்டு மனையாகப் பிரிக்கவே வேண்டாம். அலுவலகம், தோல் உலர்த்திய கொட்டகை, முன்வாசல் இருந்த பகுதி பெரும்பாலும் லேசாகத்தான் கெட்டிருக்கும். மனைகளை அங்கே வைத்து, கசடுப் பகுதியைச் சாலைக்கோ வாகன நிறுத்தத்துக்கோ ஒதுக்கினால் தோண்ட வேண்டிய மண் வெகுவாகக் குறையும்.

2. பழைய தொழிற்சாலையை வரைபடத்தில் திரும்பக் கட்டுங்கள்

புலப்பட வரைபடத்தின் நகலில் எது எங்கே இருந்தது என்று குறியுங்கள்: உப்புத்தோல் கிடங்கு, சுண்ணாம்புத் தொட்டி, டிரம் கொட்டகை (தோலை ரசாயனத்தோடு உருட்டும் பீப்பாய்கள் இருந்த இடம்), ரசாயனக் கிடங்கு, கழிவுநீர் வாய்க்கால், சூரிய வெப்பத்தில் நீரை வற்றவிடும் தொட்டிகள், கசடு காயவைத்த இடம். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் வற்றவிடும் தொட்டிகள் தெளிவாகத் தெரியும்.

அதைவிட மேலான ஆதாரம், அங்கே வேலை பார்த்த பெரியவர்கள். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். "ஐயா, தோல் பதனிடும் குரோம் கரைசலை நீங்களே காய்ச்சினீர்களா, வாங்கினீர்களா?" முன்பு பல டேனரிகள் சோடியம் டைகுரோமேட்டை வாங்கி, கந்தக அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்துத் தாங்களே கரைசல் தயாரித்தன. டைகுரோமேட் என்பது குரோமியம்-6. அந்தக் கொட்டகை இருந்த சில அடி இடத்தில் நிலத்திலேயே மோசமான மண் இருக்கக்கூடும். இசைவாணையில் அந்தக் கொட்டகை குறிக்கப்பட்டிருக்காது.

இரண்டாவது கேள்வி: "தோல் துண்டு, சீவல் தூளை எங்கே போட்டு எரித்தீர்கள்?" குரோம் தோலில் இருப்பது குரோமியம்-3. காற்றோட்டத்தில் எரித்தால் அதில் ஒரு பங்கு குரோமியம்-6 ஆகிவிடும். சாம்பல் கொட்டிய இடமும் தனிப் புள்ளி. பேச்சோடு பேச்சாகத் தோலிலிருந்து சீவிய ஜவ்வை எங்கே புதைத்தார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். அது மண்ணுக்குள் அழுகி மீத்தேன் விடும், மேலே கட்டிய தரை இறங்கும்.

3. தோண்டுவதற்கு முன், பரவுவதை நிறுத்துங்கள்

வேலி போடுங்கள். ஆடு மாடு மேயக் கூடாது. கிணறும் ஆழ்துளைக் கிணறும் இருந்தால் மூடிப் பூட்டுங்கள், தூர்க்காதீர்கள். நீர் மாதிரிக்கு வேண்டியிருக்கும். மேட்டிலிருந்து வரும் மழைநீரை நிலத்துக்குள் விடாமல் ஒரு வரப்புப் போட்டுத் திருப்புங்கள். கசடுக் குவியல் இருந்தால் தார்ப்பாய் போடுங்கள். செலவு குறைந்த வேலை இதுதான், பலர் செய்யாமல் விடுவதும் இதுதான். ஆய்வும் அனுமதியும் முடிய மாதங்கள் ஆகும், அத்தனை நாளும் மழை குரோமியத்தைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும்.

பழைய தொட்டிகளுக்குள் யாரையும் இறக்காதீர்கள். முடி நீக்கப் பயன்பட்ட சோடியம் சல்பைடு கசடில் தங்கியிருக்கும். கசடைக் கிளறினாலோ அமிலம் பட்டாலோ ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, அப்புறம் நாற்றம் நின்றால் வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். வாயு அளவுமானி இல்லாமல் தொட்டி மூடியைக்கூடத் திறக்கக் கூடாது.

கசடைச் சுவரில் சாய்த்தும் குவிக்காதீர்கள். ஈரக் கசடு தண்ணீரைப் போலவே பக்கவாட்டில் தள்ளும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் உட்பட 10 தொழிலாளர்கள் இறந்துபோனார்கள்.

4. மாதிரி எடுப்பது

20 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 10 புள்ளி வரும். அது தெரியாத இடங்களுக்காக. இரண்டாம் படியில் குறித்த ஒவ்வொரு இடத்துக்கும் தனியாகப் புள்ளி வையுங்கள். ஒவ்வொன்றிலும் மேல் 15 செ.மீ., அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று ஆழவாரியாக எடுங்கள். ஒரு மீட்டரிலும் மோசமாக இருந்தால் சுத்தமான மண் வரும் வரை கீழே போக வேண்டும். ஆழம் தெரியாமல் மண்ணின் அளவைக் கணக்கிட முடியாது.

ஐந்து குழி மண்ணை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக அனுப்புவது புதியவர்கள் அடிக்கடி செய்கிற தவறு. ஆய்வகக் கட்டணம் மிச்சம்தான். ஆனால் ஒரு குழியில் இருக்கும் விஷம் நான்கு குழி நல்ல மண்ணில் கரைந்து, ஐந்தும் சுமார் என்று முடிவு வரும்.

துருப்பிடிக்காத எஃகிலேயே குரோமியம் இருக்கிறது. துளையிடும் கருவியைத் தொட்ட வெளிமண்ணைத் தள்ளிவிட்டு, நடுமண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். பனிக்கட்டிப் பெட்டியில் 4 டிகிரியில் வைத்து, காயவைக்காமல் ஈரத்தோடு அனுப்புங்கள். நீர் மாதிரி இரண்டு குப்பி வேண்டும். மொத்த உலோகம் பார்க்கும் குப்பியில் நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும்; குரோமியம்-6 பார்க்கும் குப்பியில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வழியிலேயே குரோமியம்-6 குரோமியம்-3 ஆகிவிடலாம், "இல்லை" என்று பொய்யான முடிவு வரும். அமிலம் சேர்க்காத அந்தக் குப்பி 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும்.

நிலத்துக்கு வெளியே, தொழிற்சாலைத் தண்ணீர் படாத மேட்டில் இரண்டு மூன்று இடங்களிலும் மண் எடுங்கள். பாறையிலிருந்தே வரும் குரோமியம் எல்லா மண்ணிலும் கொஞ்சம் உண்டு. ஒப்பிட வேறு மண் இல்லாமல் இயற்கை எது, டேனரி எது என்று பிரிக்க முடியாது.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறியக் குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறு, ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஆழ்துளைக் கிணற்றை மட்டும் நம்பாதீர்கள். பாலாற்றுப் பக்கம் மேலே மணலும் சிதைந்த பாறையும், கீழே வெடிப்புள்ள கடும்பாறையும் இருக்கும். ஆழ்துளைக் கிணறு பல வெடிப்புகளின் தண்ணீரைக் கலந்து கொடுக்கும். மேலே இருக்கும் கெட்ட நீர் அதில் நீர்த்துத் தெரியும்.

5. முடிவுகளைப் படிப்பது: மூன்று எண்ணும் உப்பும்

முதல் எண், மொத்தக் குரோமியம். இது பெரிதாக இருந்தாலே பயப்பட வேண்டாம். டேனரிக் கசடில் பெரும்பாலும் குரோமியம்-3 தான். நடுநிலை மண்ணில் அது அவ்வளவாகக் கரையாது, நகராது.

இரண்டாவது எண், குரோமியம்-6. இதுதான் தண்ணீரில் கரைந்து ஓடுவது, புற்றுநோய் உண்டாக்குவது. மொத்தத்தில் சிறு பங்காக இருந்தாலும் வேலை இதற்காகத்தான். கிணற்று நீர் மஞ்சளாக இருந்தால் ஆய்வகம் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நிறம் தெரியவில்லை என்பதற்காக நீர் நல்லது என்றும் எண்ணாதீர்கள். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான், அந்த அளவில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாவது, கசிவுச் சோதனை. மண்ணை லேசான அமிலத்தில் குலுக்கி எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். 2016-ன் அபாயக் கழிவு விதிகளில் குரோமியத்துக்கு எல்லை லிட்டருக்கு 5 மில்லிகிராம். தாண்டினால் அந்த மண் சட்டப்படி அபாயக் கழிவு. அதை அபாயக் கழிவுப் புதைநிலம் தவிர வேறு எங்கும் கொட்ட முடியாது.

அப்புறம் உப்பு. எல்லோரும் குரோமியத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் மரம் வளராததும் கம்பி துருப்பிடிப்பதும் உப்பால். மண்ணின் மின்கடத்துதிறன், சோடியம், குளோரைடு, சல்பேட் நான்கையும் கேட்டு வாங்குங்கள். வேலிக்கருவை மட்டும் செழித்து, வேறெதுவும் இல்லாத திட்டு இருந்தால் அங்கே உப்பை எதிர்பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. டேனரி நிலமும் குரோமேட் ரசாயன ஆலை நிலமும் ஒன்றல்ல. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். தாது வறுத்த அந்தக் கழிவு காரத்தன்மை உடையது. அதன் துகள்களுக்குள்ளிருந்து குரோமியம்-6 ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், ரசாயனம் சேர்த்தால் சில சமயம் மண் உப்பி எழும். அந்தக் கழிவை மேடு நிரப்ப யாராவது உங்கள் நிலத்தில் கொட்டியிருந்தால் கீழே சொல்லும் முறை போதாது. அனுபவமுள்ள நிறுவனத்திடம் போங்கள்.

6. வழியைத் தேர்ந்து, அனுமதி வாங்குவது

முதலில் கணக்கு. 10 சென்ட் நிலத்தில் ஒரு மீட்டர் ஆழம் தோண்டினால் சுமார் 405 கன மீட்டர். லாரிக்காரர் கணக்கில் 143 யூனிட், எடையில் சுமார் 700 டன். தோண்டியதும் மண் பொதபொதவென்று கால் பங்கு கூடும். இவ்வளவையும் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவுப் புதைநிலத்துக்கு அனுப்பும் செலவைப் போட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் அள்ளிவிடலாம் என்ற எண்ணம் அப்போதே போய்விடும்.

அதனால் மண்ணை மூன்றாகப் பிரியுங்கள். கசிவுச் சோதனையில் தோற்ற மண்ணும் கசடும் வெளியே போகட்டும். குரோமியம்-6 இருந்தும் சோதனையில் தோற்காத மண்ணை அங்கேயே ரசாயனத்தால் மாற்றலாம். குரோமியம்-3 மட்டும் இருக்கும் மண்ணை மேலே மூடி விட்டுவிடலாம். மூடும்போது ஒன்றை மறக்காதீர்கள். மூடி மேலிருந்து வரும் மழையைத்தான் தடுக்கும். நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து மண்ணைத் தொட்டால் மூடியால் பயனில்லை.

திட்டத்தை எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கொடுத்து, பதில் வந்த பிறகே வேலை. 2025 ஜூலையில் மாசடைந்த நிலங்களுக்கென்றே ஒன்றிய அரசு தனி விதிகளை அறிவித்திருக்கிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்கிறது விதி. நீங்கள் வாங்கும் நிலை என்றால், கிரயப் பத்திரத்துக்கு முன்பே நான்காம் படி வரை முடித்துவிடுங்கள். ஆய்வு அறிக்கை கையில் இருந்தால்தான் பழைய உரிமையாளரின் பொறுப்பைப் பத்திரத்தில் எழுத முடியும்.

7. சிறு சோதனை, பிறகு களவேலை

குரோமியம்-6-ஐ குரோமியம்-3 ஆக மாற்ற எளிய பொருள் அன்னபேதி, அதாவது பெரஸ் சல்பேட். வேதிக் கணக்குப்படி ஒரு கிலோ குரோமியம்-6-க்கு 16 கிலோ அன்னபேதி. கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருக்கும் மண்ணில் டன்னுக்கு 1.6 கிலோ போதும் என்று வரும். உண்மையில் போதாது. மண்ணின் சுண்ணாம்பும் காற்றும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். எத்தனை மடங்கு என்பது மண்ணுக்கு மண் மாறும். அதனால் ஆய்வகத்தில் சில வாளி மண்ணில் இரண்டு, மூன்று, ஐந்து மடங்கு என்று போட்டுப் பார்த்து, அப்புறம் களத்தில் நாலு சென்ட்டில் செய்து பார்க்க வேண்டும்.

வரிசை: அன்னபேதியைக் கரைசலாக்கித் தெளித்து நன்றாகக் கலக்குங்கள், சில நாள் ஈரமாக விடுங்கள், மண்ணைச் சோதியுங்கள், கடைசியில்தான் சுண்ணாம்பு சேர்த்து பிஎச்-ஐ (அமில, காரத் தன்மையின் அளவு) 8-க்கும் 9-க்கும் இடையில் கொண்டுவாருங்கள். சுண்ணாம்பை முதலில் போட்டால் இரும்பு வேலை செய்யும் முன் துருவாகிவிடும். சுண்ணாம்பை வாரி இறைத்தாலும் கெடுதல். காரம் ஏறினால் படிந்த குரோமியம் மீண்டும் கரையத் தொடங்கும். சல்பைடு வாடை வரும் கசடில் அன்னபேதிக் கரைசலையோ அமிலத்தையோ ஊற்றவே கூடாது.

தோண்டும்போது மோசமான இடத்திலிருந்து சுத்தமான இடத்துக்குப் போகாதீர்கள். சுத்தமான பக்கத்தில் வண்டிப் பாதை போட்டுக்கொண்டு, வண்டி கெட்ட மண்ணில் ஏறாமல், வாளி மட்டும் எட்டுகிற மாதிரி நிறுத்துங்கள். மண்ணை ஈரமாக வையுங்கள், ஆனால் ஓடவிடாதீர்கள். லாரிச் சக்கரத்தைக் கழுவி, அந்தத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள். ஒவ்வொரு லாரிக்கும் படிவம் 10 (அபாயக் கழிவோடு போகும் அனுப்புச் சீட்டு) வேண்டும். புதைநிலம் கையெழுத்திட்ட நகல் திரும்பி வந்தால்தான் அந்த மண் உங்கள் கணக்கிலிருந்து போனதாக அர்த்தம்.

ஆட்களுக்குக் கையுறை, முழங்கால் காலணி, தூசி வடிகட்டும் முகமூடி. சாப்பிடும் இடம் வேலிக்கு வெளியே. பழைய உப்புத்தோல் கிடங்கின் மண்ணில் ஆந்த்ராக்ஸ் கிருமியின் வித்துகள் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கக்கூடும் என்பதால், கையில் வெட்டுக்காயம் உள்ளவரை அங்கே விடாதீர்கள்.

8. குழியை மூடும் முன் உறுதி மாதிரி

தோண்டியதும் அடியிலும் நான்கு சுவரிலும் மாதிரி எடுத்து, முடிவு வரும் வரை குழியைத் திறந்தே வையுங்கள். வாடகை ஓடுகிறதே என்று மூடிவிட்டால், தோற்ற முடிவு வரும்போது நல்ல மண்ணையும் சேர்த்து மறுபடி தோண்ட வேண்டும்.

ரசாயனத்தால் மாற்றிய மண்ணை ஒரு முறை பார்த்தால் போதாது. மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடு குரோமியம்-3-இல் கொஞ்சத்தைத் திரும்பக் குரோமியம்-6 ஆக்கும். ஒரு மழைக்காலம் போன பிறகு அதே இடங்களில் மீண்டும் எடுங்கள்.

9. மேல் மண், உப்பு, செடி

மேலே நிரப்ப ஏரி வண்டல் மலிவாகக் கிடைக்கும். அந்தப் பகுதியில் பல ஏரிகளுக்கே டேனரித் தண்ணீர் போயிருக்கிறது. சோதிக்காமல் ஒரு டிராக்டர்கூட உள்ளே விடாதீர்கள். இவ்வளவும் செய்துவிட்டு, விலை கொடுத்து மாசை வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

உப்பு மண்ணுக்கு ஜிப்சம் போட்டு, சோடியத்தைப் பிரித்து, பிறகு நல்ல தண்ணீரால் அலச வேண்டும். அலசிய நீரைப் பிடிக்க வடிகால் இல்லையென்றால் செய்யாதீர்கள். மேலே இருந்த உப்பு கிணற்றுக்குப் போகும், அவ்வளவுதான். அலச வழியில்லாத இடத்தில், உப்புத் திட்டை மேலோடு சுரண்டி எடுத்து, அதன்மேல் வேறு மண் போடுவது மேல்.

செடி நட்டால் குரோமியத்தை உறிஞ்சிவிடும் என்று சொல்பவர்கள் வருவார்கள். பெரும்பாலான செடிகளில் குரோமியம் வேரோடு நின்றுவிடும், இலைக்கு அதிகம் ஏறாது. அறுத்து அகற்றும் கணக்கு ஒத்துவராது. செடி நடுவது தூசியையும் மண் அரிப்பையும் தடுக்க. சரிவுகளில் வெட்டிவேர் நன்றாகப் பிடிக்கும். கீரை, காய்கறி, தீவனப்புல் மூன்றும் வேண்டாம்.

10. வேலை முடிந்த பிறகு

கண்காணிப்புக் கிணறுகளை மூடாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, கோடை முடிவிலும் மழைக்குப் பின்னும் நீர் எடுத்துக் குரோமியம்-6, டிடிஎஸ் (நீரில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்), நீர்மட்டம் மூன்றையும் எழுதி வையுங்கள். மழைக்குப் பின் ஏறிக் கோடையில் இறங்கினால், எங்கோ மேல் மண்ணில் இன்னும் மிச்சம் இருக்கிறது. எல்லாக் காலத்திலும் ஒரே உயரத்தில் நின்றால், பாறை வெடிப்புக்குள் பழைய நீர் தேங்கியிருக்கலாம்; அல்லது பக்கத்து நிலத்திலிருந்து வருகிறது. மேட்டுப் பக்கக் கிணற்றின் எண்ணோடு ஒப்பிட்டால் இது தெரியும்.

எந்த இடத்தில் எவ்வளவு ஆழத்தில் என்ன மண்ணை மூடி வைத்தீர்கள் என்ற வரைபடத்தையும், அங்கே ஆழ்துளைக் கிணறு போடக் கூடாது, அடித்தளம் தோண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும் கிரயப் பத்திரத்திலேயே இணைப்பாகச் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பத்து வருடம் கழித்து மனையை வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்கும்போது அது அவர் கையில் கிடைக்க வேண்டும்.